ஆக்டா ஏன் தலை குனிகிறது? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஃபிளாஷ் லைட்டுக்கு முன்னால் கனமான சாஃப்ட் பாக்ஸையோ (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி) ஆக்டாவையோ (எட்டு மூலை சாஃப்ட் பாக்ஸ்) மாட்டினால் சரிகிறது, கழல்கிறது, சில சமயம் விழவும் செய்கிறது. லென்ஸ், எடிட்டிங் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் பார்ப்போம்.

வணக்கம் அண்ணே. என்னிடம் இருப்பது 600 வாட் லைட், முன்னால் ஆக்டாவைப் பூட்டும் வாய் போவென்ஸ் மவுண்ட். புதிதாக 150 செ.மீ. டீப் ஆக்டா வாங்கி மாட்டினேன். நாலு ஷாட் எடுப்பதற்குள் தரையைப் பார்க்கிறது. திருகை பிளையர் வைத்து முறுக்கியதில் ஸ்டாண்டில் உட்காரும் பிளாஸ்டிக் பிடியில் விரிசல் விட்டுவிட்டது. எம்-சீல் போட்டால் போதும் என்கிறார் நண்பர். போடலாமா? – வாசகர், திண்டுக்கல்

எம்-சீல் வேண்டாம் தம்பி, பிடியை மாற்றிவிடுங்கள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் எப்போது முழுதாகப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, போகிற நேரம் பார்த்துக் கீழே கல்யாணப் பெண் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் பிடியை மட்டும் மாற்றினால் புதியதும் இதே கதிக்குத்தான் வரும். ஆக்டா வாங்கும்போது எல்லோரும் எடை எவ்வளவு என்று கேட்கிறோம், அந்த எடை பிடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ஆக்டா உள்துணி, முன்துணி, கிரிட் (வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டத் துணி) எல்லாம் சேர்ந்து 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆழமான ஆக்டா என்பதால் அதன் எடை மையம், லைட்டில் பூட்டுகிற ரிங்கிலிருந்து சுமார் 30 செ.மீ. முன்னால் இருக்கும், லைட்டின் பிடியோ ரிங்கிலிருந்து இன்னும் 15 செ.மீ. பின்னால். ஆக அந்தச் சின்னத் திருகு 3 கிலோவை 45 செ.மீ. தள்ளித் தூக்கிக்கொண்டிருக்கிறது, 135 கிலோ-செ.மீ. லைட்டின் உடம்பு பிடிக்குப் பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் இழுக்கும், அதற்காக ஒரு 25-ஐக் கழித்தாலும் மிச்சம் 110. அரை வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது, கையை நேராக நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிஷம் தாங்காது இல்லையா, அந்தத் திருகின் பாடும் அதுதான். வெறும் உராய்வில் நிற்கிற பிடியை எத்தனை முறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் வழுக்கத்தான் செய்யும்.

நான் சொல்வது ஒன்றுதான். மாடிஃபயர், அதாவது லைட்டுக்கு முன்னால் மாட்டும் ஆக்டா, பெட்டி மாதிரி எதுவானாலும், லைட்டை விடக் கனமாகவோ நீளமாகவோ இருந்தால், லைட்டில் ஆக்டாவைத் தொங்கவிடாதீர்கள், ஆக்டாவில் லைட்டைத் தொங்கவிடுங்கள். ஸ்டாண்டில் உட்காரும் பிடி ரிங்கிலேயே வருகிற மாதிரி ரிங்குகள் கிடைக்கின்றன. ஸ்டாண்டு அந்த ரிங்கைப் பிடிக்கும், ஆக்டா முன்னால், லைட் பின்னால். இப்போது கணக்கைப் பாருங்கள்: முன்னால் 3 கிலோ 30 செ.மீ. தள்ளி, அதாவது 90. பின்னால் லைட்டும் ஒரு 3 கிலோ, அதன் மையம் 18 செ.மீ. தள்ளி, 54. மிச்சம் 36 மட்டும். திருகின் பாரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. அது மட்டுமில்லை, முன்பு ஆக்டாவின் 90-ஐயும் தாங்கிய மவுண்டின் பற்கள் இப்போது லைட்டின் 54-ஐத் தாங்கினால் போதும். இவையெல்லாம் குத்துமதிப்பான எண்கள்தான், உங்கள் லைட்டுக்குக் கொஞ்சம் மாறும், ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ப்ரான்கலர் பாரா மாதிரிப் பெரிய பாரபோலிக் குடைகளும் இப்படித்தான், குடை தன் சொந்தப் பிடியில் ஸ்டாண்டில் நிற்கும், விளக்கு அதற்குள்ளே ஒரு கம்பியில் உட்காரும். விலை அதிகம் என்பதால் அப்படிச் செய்யவில்லை, வேறு வழியில்லாததால் செய்திருக்கிறார்கள்.

புதுப் பிடி வாங்கும்போது உலோகத்தில், உள்ளே வட்டமாகப் பல் வெட்டியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பல் பல்லோடு பொருந்தி நிற்பதால் உராய்வை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சாய்ப்பதற்கு முன்னால் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டுச் சாய்க்க வேண்டும். பாதித் தளர்வில் கரகரவென்று திருப்பினால் பல் தேய்ந்துபோகும், அப்புறம் அதுவும் வழுவழுப் பிடிதான். இன்னொன்று, ஸ்டாண்டின் உச்சியில் இருக்கும் 16 மி.மீ. முனையில் ஒரு பள்ளம் இருக்கும் பாருங்கள், பிடியின் பக்கத் திருகு அந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். பிடியை முழுசாகக் கீழே இறக்காமல் திருகினால் திருகு பள்ளத்துக்கு மேலே வெறும் உருளையைக் கவ்விக்கொண்டு நிற்கும். இறுகின மாதிரியே இருக்கும், லைட்டைத் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

பணம் இப்போதைக்கு முடியாது என்றால் கிரிட்டைக் கழற்றுங்கள், உள்துணியையும் கழற்றிப் பாருங்கள், இரண்டும் சேர்ந்து நிறையவே குறையும். அதுவும் போதவில்லை என்றால் முன்துணி போட்ட பெரிய குடைக்கு மாறலாம். ஆக்டாவின் ஓரக் கட்டுப்பாடு கிடைக்காதுதான், ஆனால் குடும்பப் படத்துக்கு அந்த வித்தியாசத்தை நீங்களும் நானும் தவிர யாரும் கேட்கப் போவதில்லை.

சார், எனக்கு ஆக்டா சரியவில்லை, ரிங்கோடு கழன்றே விழுந்துவிட்டது. மாட்டும்போது ‘கிளிக்’ சத்தம் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. போவென்ஸ் மவுண்டே இப்படித்தானா? – வாசகி, கோயம்புத்தூர்

மவுண்டைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. அந்தப் பெயருக்குச் சொந்தமான ஆங்கிலேயக் கம்பெனி 1923-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது, ஆனால் அது விட்டுப்போன மூன்று பல் மவுண்டை இன்று கோடாக்ஸ் உட்பட யார் யாரோ செய்கிறார்கள். பிரச்சினையும் அங்கேதான். லைட் ஒருவர் செய்தது, ரிங் இன்னொருவர் செய்தது, இரண்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் ஆட்டம். பல் மெல்லிசாக இருந்தால், அல்லது லைட்டின் பக்கம் உள்ள பூட்டு முனையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ‘கிளிக்’ கேட்கும், ஆனால் பூட்டு பாதி வழியில் நிற்கும்.

அதனால் சத்தத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். மாட்டிய பிறகு பொத்தானைத் தொடாமல் ரிங்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள், அசையவே கூடாது. அப்புறம் ரிங்கை முன்னால் இழுத்து, மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லா ரிங்கிலும் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்த மாதிரி இடைவெளி தெரிந்தால் அந்த ரிங் வேண்டாம். துணியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, கம்பிகள் வளைந்து கொடுத்துவிடும்.

ரிங் என்பதே பல சமயம் இரண்டு துண்டு, கம்பிகள் செருகும் வெளி வட்டமும் மவுண்டின் உள் வட்டமும். இரண்டையும் சேர்ப்பது சின்னச் சின்னத் திருகுகள். காரில் குலுங்கிக் குலுங்கி அவை தளரும். உங்களுக்குக் கழன்றது மவுண்டா, அந்தத் திருகுகளா என்று முதலில் பாருங்கள். லைட்டோடு உள் வட்டம் ஒட்டிக்கொண்டே இருந்தால் குற்றவாளி திருகுதான். மாதத்துக்கு ஒரு தடவை ஆலன் கீ வைத்து இறுக்கினால் முடிந்தது விஷயம்.

நீள்சதுர சாஃப்ட் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நிற்கவைக்கவோ படுக்கவைக்கவோ மூலையைப் பிடித்துத் திருப்பும்போது, ரிங்கின் சுழல் திருகைத் தளர்த்தாமல் திருப்பினால் அந்த விசை நேராகப் பூட்டுக்குத்தான் போகும். பெட்டி பெரிதாக இருக்க இருக்க மூலையில் உங்கள் கைக்குக் கிடைக்கிற நெம்பும் பெரிது. பூட்டு முனை ஒடிகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

ரிங்கைச் சுற்றிக் காஃபர் டேப் அல்லது பிளாஸ்டிக் டை போட்டால் பாதுகாப்புதானே? – வாசகர், ஈரோடு

ரிங் திரும்பாமல் இருக்க டேப் உதவும். எடையைத் தாங்க உதவாது. லைட்டுக்குள் தொடர்ந்து எரிகிற மாடலிங் லேம்ப் சூட்டில் பசை இளகும், நம் ஊர் மே மாதத்தில் லேம்ப் இல்லாமலே இளகும். தாங்குவதற்கு என்றால் இரண்டு முனையிலும் கண்ணி உள்ள எஃகு வயர் வாங்குங்கள், சினிமா லைட் வாடகைக்கு விடுகிற இடங்களில் இதைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை ரிங்கில், மறுமுனை ஸ்டாண்டிலோ பிடியின் உலோகத்திலோ. லைட்டின் கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் அதில் மாட்டாதீர்கள். வயர் தொங்கலாக இருக்கக் கூடாது, ஒரு அடி விழுந்துவிட்டுத் திடீரென்று நிற்கிறபோது வருகிற வெட்டு அந்தப் பொருளின் எடையை விடப் பல மடங்கு. பத்து செ.மீ.-க்கு மேல் விழ இடம் கொடுக்காதீர்கள்.

அண்ணா, ஸ்டூடியோவில் நான் ஒருத்திதான். ஒரு கையில் ஆக்டா, ஒரு கையில் லைட், மூன்றாவது கைக்கு எங்கே போவது? – வாசகி, யாழ்ப்பாணம்

தரை இருக்கிறதே தங்கச்சி. சுத்தமான விரிப்பைப் போட்டு ஆக்டாவைக் குப்புற, முன்துணி கீழே இருக்கும்படி வையுங்கள். லைட்டின் வயரைக் கழற்றிவிட்டு, விளக்கு கீழே பார்க்கும்படி மேலிருந்து ரிங்குக்குள் இறக்குங்கள். கண்ணாடிக் குழாய் எதிலும் இடிக்காமல் பார்த்து இறக்கித் திருப்பிப் பூட்டுங்கள். லைட்டின் எடையே ரிங்கை மட்டமாக உட்கார வைத்துவிடும், ஸ்டாண்டில் வைத்து மாட்டும்போது வருகிற கோணல் இங்கே வராது. மேலே சொன்ன கைச்சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள். ஸ்டாண்டு ஏற்கெனவே கடைசி வரை தாழ்ந்து, காலில் மணல் மூட்டையோடு தயாராக நிற்க வேண்டும். ஒரு கை ரிங்கில், ஒரு கை லைட்டில், இரண்டையும் சேர்த்துத் தூக்கி வையுங்கள். ஆக்டாவை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள்.

உயர்த்தும்போது தடித்த குழாயை முதலில் இழுங்கள், மெலிந்த குழாய் கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும். இறக்கும்போது குழாயைக் கையால் தாங்கிப் பிடித்த பிறகுதான் திருகைத் தளர்த்த வேண்டும். ஏர் குஷன் ஸ்டாண்டு மெதுவாக இறங்கும் என்று விட்டுவிடுகிறார்கள், ஆறு கிலோ மேலே இருந்தால் அது அவ்வளவு மெதுவெல்லாம் இல்லை, நடுவில் விரல் மாட்டினால் தெரியும். கழற்றும்போதும் மறுபடி தரைதான். அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில், நின்ற வாக்கில், பூட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு துணியைப் பிடித்து இழுப்பது வேண்டவே வேண்டாம்.

சார், நாகர்கோவில் பக்கம் அவுட்டோர் எடுக்கிறோம். முப்பந்தல் காற்றாலைகளைப் பின்னணியில் வைத்து ஒரு ஜோடியைப் படம் எடுக்க வேண்டும், 150 ஆக்டா கொண்டுபோகலாமா? எத்தனை மணல் மூட்டை தேவை? – வாசகர், நாகர்கோவில்

காற்றாலையை எதற்கு அங்கே நட்டார்கள் என்று யோசித்தாலே பாதிப் பதில் வந்துவிடும்! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் ஆக்டா எம்மாத்திரம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும். 150 செ.மீ. ஆக்டாவின் முகம் சுமார் 1.6 சதுர மீட்டர். மணிக்கு 18 கி.மீ. காற்று, அதாவது மரத்தில் இலைகளும் சின்னக் குச்சிகளும் ஓயாமல் ஆடுகிற அளவு, இனிமையான காற்று என்று நாம் சொல்கிற காற்று, அது ஆக்டாவின் முகத்தில் நேராக மோதினால் ஏறக்குறைய 3 கிலோ தள்ளு. ஆக்டா 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கவிழ்க்கும் விசை 600 கிலோ-செ.மீ. எதிர்ப்பக்கம் நிற்பது என்ன? ஆக்டா, லைட், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஒரு 10 கிலோ. மூன்று கால் ஸ்டாண்டில் காலின் நுனி நடுக்கம்பத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தாலும், இரண்டு காலுக்கு நடுவில் உள்ள பக்கமாகச் சாயும்போது கவிழும் கோடு 25 செ.மீ.-ல் இருக்கிறது. 10 கிலோ, 25 செ.மீ., வெறும் 250. விழுந்துவிடும். ஒரு காலைக் காற்று தள்ளுகிற திசைக்கு நேராக வைத்தால் அதே ஸ்டாண்டு 500 தாங்கும், ஒரு பைசா செலவில்லாமல் இரண்டு மடங்கு. இதனால்தான் ஸ்டூடியோவுக்குள்ளேயும் ஆக்டா நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் ஒரு கால் வர வேண்டும் என்று சொல்வது.

இன்னும் 100 பாக்கி இருக்கிறதே, அதற்கு மணல் மூட்டை. காற்று வருகிற பக்கத்துக் கால்கள் மேல் ஒவ்வொன்றிலும் 5 கிலோ போட்டால் 18 கி.மீ.-க்குத் தாங்கும். ஆனால் காற்று இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. 36 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் 12 கிலோ, 2,400 கிலோ-செ.மீ. அதற்கு எத்தனை மூட்டை சுமப்பீர்கள்? சுமந்து வைத்தாலும் ஸ்டாண்டு நிற்கும், மவுண்டு பிய்ந்துகொண்டு போகும். தரையில் தூசியும் காகிதமும் பறக்க ஆரம்பித்தால் பெரிய ஆக்டாவை மடித்துவிட வேண்டியதுதான்.

முப்பந்தலுக்கு என் யோசனை: தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் துணி மாடிஃபயர் எதுவும் வேண்டாம். சாதாரண உலோக ரிஃப்ளெக்டரோடு லைட்டை ஒரு உதவியாளர் கழியில் பிடிக்கட்டும், அல்லது சின்ன பியூட்டி டிஷ் (தட்டு வடிவ உலோக ரிஃப்ளெக்டர்). ஆள் பிடித்தால் வீச்சு வரும்போது தானாகவே சாய்ந்து கொடுப்பார், ஸ்டாண்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. சென்னைக் கடற்கரையில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோடையில் கடற்காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் எழும், காலை வெளிச்சத்தில் முடித்துவிடுவது ஆக்டாவுக்கு நல்லது.

பிறந்த குழந்தை படங்கள் எடுக்கிறேன். குழந்தைக்கு நேர் மேலே பூம் (ஸ்டாண்டிலிருந்து குறுக்கே நீளும் கம்பம்) போட்டு 120 ஆக்டா தொங்கவிட்டால் வெளிச்சம் அருமையாக வருகிறது. எதிர் எடை எவ்வளவு போட வேண்டும்? – வாசகி, தஞ்சாவூர்

கணக்கு சுலபம். பூமின் முன்பக்கம் ஒன்றரை மீட்டர், அதில் லைட்டும் ஆக்டாவுமாக 4 கிலோ என்றால், பின்பக்கம் அரை மீட்டர் மட்டும் இருக்கும்போது 12 கிலோ வேண்டும். ஆக ஸ்டாண்டின் தலையில் 16 கிலோ, பூமின் எடை தனி. சாதாரண லைட் ஸ்டாண்டு இதற்கு ஆகாது. சி ஸ்டாண்டில் (சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கனமான எஃகு ஸ்டாண்டு) குறுக்குக் கை மாட்டுவதாக இருந்தால், பாரம் இருக்கும் திசையைப் பார்த்து நீங்கள் நின்றால் தலையின் திருகு உங்கள் வலது பக்கம் வர வேண்டும். அப்போது பாரம் கீழே இழுக்க இழுக்கத் திருகு இறுகும், இடது பக்கம் இருந்தால் இழுக்க இழுக்கத் தளரும்.

இதெல்லாம் பெரியவர்களைப் படம் எடுக்க. குழந்தைக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள், எஃகு வயர் போட்டிருந்தாலும் வேண்டாம். தானாக நகரவோ கையால் தடுக்கவோ முடியாத ஒரு உயிர் கீழே படுத்திருக்கிறது. அதே ஆக்டாவைத் தலைமாட்டுப் பக்கம் 45 பாகை தள்ளித் தாழ்வாக வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் வைத்தால் நீங்கள் கேட்கிற மென்மை வந்துவிடும். விழுந்தாலும் குழந்தை மேல் விழாத தூரம் என்று அளந்து வையுங்கள், ஸ்டாண்டின் முழு உயரத்தோடு ஆக்டாவின் பாதியையும் சேர்த்து அளக்க வேண்டும். இடம் போதவில்லையா, ஜன்னல் வெளிச்சம் போதும்.

கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷில் 90 செ.மீ. சாஃப்ட் பாக்ஸ் போடலாமா? – வாசகர், கடலூர்

போடலாம், ஃபிளாஷின் காலில் பாரம் விழாதவரை. எஸ் வடிவப் பிடி ஒன்று விற்கிறார்கள், முன்னால் போவென்ஸ் வளையம், நடுவில் ஃபிளாஷின் உடம்பைக் கவ்வும் வாய். பெட்டியின் எடை முழுவதும் பிடிக்குப் போய்விடும், ஃபிளாஷ் சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் கேள்விக்குச் சொன்ன அதே தத்துவம், மலிவு விலையில்.

எல்லாம் சரி சார், எனக்கு ஏற்கெனவே விழுந்துவிட்டது. குழாய் உடைந்திருக்கிறது, உடம்பில் சின்ன நசுங்கல். நானே திறந்து புதுக் குழாய் மாற்றலாமா? – வாசகர், சேலம்

முதலில் மின்சாரத்தை நிறுத்தி வயரைப் பிடுங்குங்கள், பேட்டரி லைட் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி நசுங்கியோ உப்பியோ இருந்தால் அதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது, எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு சர்வீஸ்காரரிடம் கேளுங்கள்.

சில லைட்டுகளில் குழாயைப் பயனீட்டாளரே செருகி மாற்றும்படி வைத்திருப்பார்கள், கையேட்டில் அப்படி எழுதியிருந்தால், அதில் சொன்னபடி ஆறவிட்டு, கையுறை போட்டு மாற்றலாம். ஆனால் உங்களுக்கு உடம்பும் நசுங்கியிருக்கிறது. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் சில நூறு வோல்ட்டைச் சேர்த்து வைப்பவை, வயரைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும், மின்னேற்றத்தை வடிக்கிற பாகம் அடிபட்டிருந்தால் எவ்வளவு நேரம் தங்கும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆளைக் கொல்லுகிற அளவு மின்சாரம் அது. டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன், ஸ்குரூ டிரைவரால் தட்டி வடிக்கிறேன் என்றெல்லாம் இறங்காதீர்கள், உடம்பைத் திறக்காமல் அப்படியே சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

ரிங்கையும் கூடவே எடுத்துப் போய் மட்டமான கண்ணாடிப் பரப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பல்லில் ஒன்று வளைந்திருந்தால்கூட அதைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், அலுமினிய வார்ப்பு நிமிர்த்தும்போதே உள்ளுக்குள் விரிசல் விடும். ரிங்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டால் பழைய கம்பிகளும் துணியும் அதிலேயே பொருந்தும், வாங்கும் முன் கம்பி எண்ணிக்கையையும் கம்பி செருகும் துளையின் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.